டாக்டரிடம் நான் சொன்ன ஒரே வார்த்தை

எங்கள் மீனவக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை கிடைத்ததும் தாம்பரத்தில் ஒரு மகளிர் விடுதியில் தங்கினேன். பேச்சுத்துணைக்கு யாரும் இல்லை. அம்மா போன் செய்தால், "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுவேன்.

ஒருநாள் பூரி சாப்பிட்டபின் வயிற்றில் வலி வந்தது. கிளினிக்கில் பக்கத்தில் காத்திருந்த ஓர் அக்கா, "நெஞ்சு கரிக்குதும்மா" என்றார். அவர் கணவர், "எனக்கு வவுறு உப்பிக்கினு கீது. துன்னது ஒரே கொழம்பு, வியாதி மட்டும் தனித்தனி!" என்று சிரித்தார். இதற்கெல்லாம் இங்கிலீஷில் ஒரே வார்த்தை எனக்குத் தெரியும் என்ற பெருமையோடு உள்ளே போய், "இன்டைஜஷன், டாக்டர்" என்றேன். மாத்திரை கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வலி தாங்கவில்லை. விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். தனியாக ஆட்டோ பிடித்து அவரிடமே போனேன். வாயைத் திறந்ததும் வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"வலது வெலாவுக்குக் கீழ முள்ளு குத்துற மாதிரி கீது சார். முதுகு வரிக்கும் போவுது. எண்ணெ துன்னா ஜாஸ்தியாவுது."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றவர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். பித்தப்பையில் கல், சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டபோதுதான் அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து தேறிவிட்டேன். இப்போதெல்லாம் டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்வதில்லை. எங்கே, எப்படி வலிக்கிறது என்று வீட்டில் சொல்வதுபோலவே சொல்கிறேன். அம்மா போனில், "எப்டிம்மா கீற?" என்று கேட்டால், அவளிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.