வெளியே வராத காலடிகள்

அவர்கள் ஏறக்குறைய மனிதர்கள். அந்த ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பக்கமே அப்படித்தான் சொன்னது. குட்டை உடம்பு. ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள். நிமிராத முதுகு. நத்தையும் நண்டும் தின்பவர்கள். நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து விழுந்து, சேற்றுக்கடியில் யுகயுகமாக உறங்கும் ஏதோ ஒன்றுக்குத் தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்பவர்கள். வாயில் நுழையாத ஒரு பெயர் அவர்களுக்கு. நான் தமிழில் 'சதுப்பர்' என்று வைத்தேன். வைத்த அன்றே தெரிந்துவிட்டது, இவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர்களோடுதான் சாப்பிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அரசு விடுதியில் தங்கிப் பி.யு.சி. வரை படித்திருந்தேன். மாயவரத்தில் மாத நாவல் போடும் ஓர் அச்சகத்தில் வேலை. புரூஃப் திருத்துவேன், வெளிநாட்டுத் திகில் கதைகளை அகராதியை வைத்துக்கொண்டு தமிழாக்குவேன். அச்சக உரிமையாளர் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார். சாதாரண மர நாற்காலி, ஒரு கால் ஆடும். ஆனால் எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. அது போனால் எனக்கும் சேறுதான்.

எங்கள் தெரு நன்னிலத்துக்குப் பக்கம். கோட்டையில் ஆட்சி மாறியது, சுவரெழுத்து மாறியது, தெருமுனைக் கம்பத்தில் ஒரு விளக்கு வந்தது. நிலம் மட்டும் வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றது. நான் ஆறாவது படிக்கும்போது மூன்று கூரைகள் எரிந்தன. கூலி உயர்த்திக் கேட்ட வீடுகளாகப் பார்த்து எரிந்தன. பீடி நெருப்பு என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றும் பீடி குடிக்காத வீடுகள்.

புத்தகம் என் கைக்கு வந்த சமயத்தில் ஊரில் கூலித் தகராறில் நடவு நின்றிருந்தது. பண்ணையில் லாரி வைத்து வெளியூர் ஆள் இறக்கப் பார்த்தார்கள். விடமாட்டோம் என்று எங்கள் பெண்கள் வரப்பில் ஒரு கொடியை ஊன்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். சும்மா இருக்கும் கை சண்டைக்கு இழுக்கும். பொழுது போகட்டும் என்று, எழுதி முடித்தவரை கதையைப் படித்துக் காட்டினேன்.

கதாநாயகன் ஓர் ஆராய்ச்சியாளன். சதுப்பர் ஊரைத் தேடிப் போகிறான்.

"எதுக்கு புள்ள போறான்?" என்றாள் எதிர்வீட்டு அண்ணி. நடவு வரிசையில் அவள் வாய்க்குத் தனி மரியாதை உண்டு.

"ஆராய்ச்சி பண்ண, அண்ணி."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல."

"நல்லாருக்கே. மேல சொல்லு."

சேற்றுக்கடியில் உறங்கும் அந்தப் பெரிய வஸ்துவைப் பற்றிப் படித்தேன். அது எழுந்தால் உலகம் அழியும் என்றேன்.

"அதுக்கு ஏதாச்சும் வேலை உண்டா?"

"தூங்கும். அவ்வளவுதான். இவங்க அதுக்குப் பாடுபடுவாங்க."

"அட, அங்கயும் பண்ணையாரா!"

வரப்பே குலுங்கிச் சிரித்தது. நான் எல்லோருக்கும் பயம் வரட்டும் என்று அந்த முக்கியமான இடத்துக்கு வந்தேன். கதாநாயகன் லாந்தரோடு ஒரு கரிய சேற்றுக்குழியின் ஓரத்தில் நிற்கிறான். காலையில் அங்கிருந்து மனிதத் தொண்டையால் எழுப்ப முடியாத ஒரு கூச்சலைக் கேட்டிருக்கிறான். இப்போது பார்த்தால் சேற்றில் நூற்றுக்கணக்கான காலடிகள். எல்லாம் உள்நோக்கிப் போகின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? அவன் ரத்தம் உறைகிறது. இவர்கள் மனிதர்களே இல்லை என்று முடிவு கட்டுகிறான்.

யாரும் பயப்படவில்லை. என் அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நடவு நட்டிருக்காளுங்க" என்றாள்.

நான் விழித்தேன்.

"என்ன முழிக்கிற? வரப்பு மேல சுத்திப் போயி அந்தாண்ட எறங்கியிருப்பாளுங்க. பின்னாலயே நட்டுக்கிட்டு வந்து இந்தாண்ட ஏறியிருப்பாளுங்க. அப்ப காலடி எந்தப் பக்கம் பாக்கும்?"

"அந்தக் கூச்சல்?" என்றேன்.

அண்ணி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். வாய்க்கால் கரைக் கொக்குகள் எழுந்து பறந்தன. "மொத நாத்து வைக்கயில போட்டிருப்பாளுங்க. படிச்சவனுக்கு இதுகூடத் தெரியல" என்றவள், "சரி, கடைசில என்ன ஆவுது?" என்று கேட்டாள்.

"மண்ணெண்ணெய் ஊத்தி ஊரையே கொளுத்திடறான். அதோட கதை முடியுது. உலகம் தப்பிச்சிடுது."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அம்மா எங்கள் தெருக் கூரைகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நட்ட அன்னிக்கா?" என்றாள் மெல்ல.

மறுநாள் காலைப் பேருந்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். காலடிகளுக்கு இரண்டு வரி தள்ளி அது இருந்தது. நானே அவசரமாக மொழிபெயர்த்துவிட்டுத் தாண்டிப்போன வரி: 'சேற்றில் ஒருவகை மெல்லிய புல், இயற்கைக்கு மாறான நேர்வரிசைகளில் நின்றிருந்தது.' எழுதியவன் பார்த்திருக்கிறான்! ஒரு வயலின் ஓரத்தில் தன் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தி, லாந்தரைத் தூக்கிக் காட்டி, அப்படியும் அது வயல் என்று தெரியாமல் போயிருக்கிறான். கடலுக்கு அப்பால், எந்தச் சோற்றைத் தின்றுகொண்டு இதை எழுதினானோ!

அந்த வாரம் கடைசி அத்தியாயத்தை வரிக்கு வரி தமிழாக்கினேன். மண்ணெண்ணெயையும் விட்டுவிடவில்லை. நெருப்பு பிடிக்கும் இடத்தில் மட்டும் என் கையால் நான்கு வரி சேர்த்தேன். குழியில் நின்றது நாற்று. காலையில் கேட்டது குலவை. அவர்கள் அன்றுதான் நட்டுவிட்டுக் கரையேறி, காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

உரிமையாளர் படித்தார். கெட்டவர் இல்லை. பேனாவை எடுத்து அந்த நான்கு வரிகளையும் கோடு போட்டு அடித்தார்.

"ஏம்மா, பேய்க்கதையில நாத்து எதுக்கு?"

"அங்க இருக்கு சார். அவருதான் புல்லுன்னு எழுதிட்டாரு."

"இருக்கட்டுமே. பாரும்மா, நாத்து நட்டா அவங்க மனுசங்களா ஆயிடுவாங்க. அப்புறம் கொளுத்தறப்ப படிக்கறவன் எப்படி நிம்மதியா மூடி வைப்பான்?"

இவ்வளவு தெளிவாக எனக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இன்றுவரை சொன்னதும் இல்லை.

"மூடி வைக்க வேணாம் சார்" என்றேன்.

"நாலு வரிக்காகவா வேலைய விடப்போற?"

"நாலு வரியோட போடுங்க, இருக்கேன்."

அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். நான் கடைசி அத்தியாயத்தின் தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். நாற்காலியின் ஆடும் கால் ஒருமுறை தட்டென்று தரையில் மோதியது. நன்னிலம் பேருந்தில் அன்று உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன், தாள்களைக் கசங்க விடவில்லை.

புத்தகம் வெளிவந்தது. முடிவை அவரே எழுதிக்கொண்டார். புல் புல்லாகவே எரிந்தது.

அதற்குள் பண்ணை இறங்கி வந்தது. வெளியூர் லாரி திரும்பிப் போயிற்று. நடவுக்கு எங்களையே கூப்பிட்டார்கள். நானும் வரிசையில் நின்றேன். பேனா பிடித்த விரல் நாற்று முடிக்கட்டைப் பிரிக்கத் தடுமாறியது. அம்மா எனக்கும் தனக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தானே நட்டு நிரப்பிக்கொண்டு வந்தாள். தோற்றுப்போனவர்கள் சும்மா இருப்பார்களா? பண்ணைக்காக வேலை வாங்கும் காரியக்காரர் வரப்பில் குடையோடு நின்று காலையிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மனுசங்கதானா நீங்கள்லாம்? இதான் வரிசையா?"

அண்ணி நிமிர்ந்தாள். சேற்றுக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க. நாங்க சதுப்பருங்க. மாயவரத்துல புஸ்தகமே போட்டிருக்காங்க. எறங்கி வந்து பாருங்களேன், காலடி உள்ள போவும், வெளிய வராது."

அவர் எங்களைப் பார்த்தார். இருபது பெண்கள் குனிந்த முதுகை மெல்ல நிமிர்த்தினோம். யார் முதலில் போட்டது என்று தெரியவில்லை, ஒரு குலவை எழுந்தது. பிறகு இருபது. மனிதத் தொண்டையால் எழுப்ப முடியாத கூச்சல். என் தொண்டையும் அதில் இருந்தது. காரியக்காரர் ஓரடி பின்வாங்கினார். பின்னோக்கி நடந்து பழக்கமில்லாதவர். வரப்பு தவறி ஒரு கால் சேற்றில் இறங்கியது. காலை உருவினார். செருப்பு வரவில்லை. ஒற்றைச் செருப்போடு குடையை மடக்கிக்கொண்டு அவர் போவதைப் பார்த்தோம்.

"எடுத்துக் குடுக்கவா?" என்றேன்.

"கிடக்கட்டும்" என்றாள் அம்மா. அதைச் சுற்றி நட்டுக்கொண்டு பின்னால் வந்தோம்.