திரையை விலக்கிப் பிடித்தவள்

அம்மாவின் காலை வெட்டி எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஜார்ஜ் டவுன் மருத்துவமனையில் மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். தமிழும் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயும் மட்டுமே தெரிந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"புண்ணு ஆறிடுமாம், அம்மா," என்றேன்.

உதடசைய நாடியை எண்ணிக்கொண்டிருந்த தாதியர் படிப்பு மாணவி, எண்ணுவதை நிறுத்தினாள். ஒல்லியான பெண். கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு வெளியே என்னை அழைத்தாள்.

"ஏண்ணே மாத்தி சொல்றீங்க?"

"படிக்க வந்த பொண்ணு நீ. ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"பன்னெண்டு வயசுல, டாக்டர் சொன்னத அப்பாகிட்ட நான்தான் தமிழ்ல சொன்னேன். பயந்துடுவாருன்னு பாதிய மறைச்சிட்டேன். அதனாலதாண்ணே நர்சிங் எடுத்தேன்."

அப்பா என்ன ஆனார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அவளே அம்மாவிடம் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை. நான் உள்ளே போகும்வரை திரையை விலக்கிப் பிடித்தபடி நின்றாள். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் விரட்டியதில்லை.