ஹார்ட் டிஸ்க்கில் யார் குடியிருக்கிறார்கள்?

கம்பியூட்டர் திருத்துகிற தொழிலில், "டிஸ்க்கில் இடமில்லை" என்று வருகிற ஆள் அடுத்த மூச்சில் "நான் ஒன்றுமே போடவில்லை" என்றும் சொல்வார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும். யுத்த காலத்தில் நான் மாத்தளை டவுனில் நசீர் நானாவின் கடையில் வேலை பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஒரு பொம்பளைப் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "திருத்துற ஆள் இல்லையா?" என்று கேட்டவர்களே அதிகம். கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் டிஸ்க்கைத் திறந்து, உள்ளே இடத்தைப் பிடித்திருப்பது யார் என்று தேடத் தொடங்கிவிட்டால் கோபமாவது, பசியாவது! அப்படித் தேடிய ஒரு நாளைச் சொல்கிறேன்.

மடியில் ஒரு கல்யாணம்

உக்குவளையில் கல்யாண வீடியோ எடுக்கும் செல்வம் அண்ணன், காலையிலேயே சிபியூவை மடியில் கட்டிப் பிடித்தபடி ஓட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே ஒரு கல்யாணம் இருந்தது. பெண்ணின் அப்பா வவுனியாவில். அங்கிருந்து வெளியே வர ஆமி கொடுக்கும் பாஸ் கிடைக்காததால் மகளின் கல்யாணத்துக்கே அவரால் வர முடியவில்லை. பெண்ணின் மாமா அன்று பின்னேர பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகிறார். அவர் கையில் சிடியைக் கொடுத்தனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் முடிந்து, முழுப் படமாக எடுக்கிற நேரத்தில் "இடமில்லை" என்று கம்பியூட்டர் நின்றுவிட்டது.

"டேப் இருக்குதானே அண்ணே?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுத்து முடித்திருந்தார். அந்தத் தாலி கட்டு அந்த டிஸ்க்கைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. போட்டுக் கொடுக்கக் கடையில் வேறு டிஸ்க்கும் இல்லை, கொழும்பிலிருந்து சாமான் வந்து சேரவில்லை. கதை எதுவும் காதில் விழாத நசீர் நானா, மேசையிலிருந்தபடியே, டிஸ்க்கையே துடைத்துவிடும் வழக்கமான வைத்தியத்தைச் சொன்னார்:

"இதுல யோசிக்க என்ன ஈக்கி தங்கச்சி? ஃபோர்மட் அடிச்சுக் குடுங்க!"

செல்வம் அண்ணனுக்கு மயக்கம் வராத குறை.

குப்பைக்கூடை

நான் முதலில் கை வைப்பது ரிசைக்கிள் பின்னில்தான். செல்வம் அண்ணனுடையது கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. நிறைந்திருந்தாலும், யாருடைய பின்னையும் கேட்காமல் காலி பண்ண மாட்டேன். காரணம், ஒரு எஸ்டேட் ஆபிஸ் கிளாக்கர்.

அவருடைய டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தது முழுவதும் அந்தக் குப்பைக்கூடைதான். "காலி பண்ணட்டுமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு மனுஷன் நாற்காலியை விட்டே எழும்பிவிட்டார். மகளுடைய பெரியபிள்ளைச் சடங்குப் படங்கள், தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய வீடியோக்கள் என்று சொந்த விஷயம் எல்லாவற்றையும் அதற்குள்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஆபிஸ் கம்பியூட்டரில் நாலு பேர் கை வைப்பார்களாம். ஏன் இப்படி என்று கேட்டேன். என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குப்பைக்கூடையில யாரும்மா கை வைப்பாங்க?"

ஒரே கல்லு

அடுத்தது படங்கள். செல்வம் அண்ணனிடம் அதுவும் சொற்பம்தான். இந்த இடத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தது சீகிரியாவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்திய ஒரு சிங்கள ஐயாவின் கம்பியூட்டர். கெமராவில் இடம் முடிந்துபோன வெள்ளைக்காரர்களுக்கு, படங்களைக் கம்பியூட்டரில் இறக்கி சிடி போட்டுக் கொடுப்பார். இறக்கியதை அழிப்பதில்லை. திறந்தால் சீகிரியாக் குன்று, அதன் முன்னால் ஒரு சிரிப்பு. அடுத்த படத்திலும் அதே குன்று, வேறொரு சிரிப்பு. "எல்லாம் ஒரே கல்லுதானே, அழிச்சிருவோமா?" என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"கல்லு ஒன்றுதான் மகள், ஏறின ஆள் வேற வேற அல்லவா?"

பிடிபட்டார்

மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கக்கூட இல்லை. கடைசியாக, பெரிய ஃபைல்களை மட்டும் தேடிக் காட்டும்படி கம்பியூட்டரிடம் சொன்னேன். திரையில் ஒரு வரி விழுந்தது. அடுத்த வரியும் அதே பெயர், அதே அளவு. அடுத்ததும் அப்படியே. "கிடைச்சிருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

திறந்தேன். மணி அடித்தது, பூ மழை கொட்டியது, பிள்ளையார் தரிசனம் தந்தார். படம் தொடங்குவதற்கு முன்னால் செல்வம் அண்ணன் போடும் பிள்ளையார்தான். கொழும்பில் யாரோ சுருக்காமல் கொள்ளாமல் செய்து கொடுத்தது. ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல். கல்யாணத்துக்கு ஒன்றாக வைத்திருந்தார். சிடி கொடுத்ததும் கல்யாணத்தை அழித்துவிடுவார். பிள்ளையார் மட்டும் அங்கேயே இருப்பார். "ஒருத்தர் போதுமே அண்ணே, மத்ததை அழிப்போம்" என்றதும் அவர் என் கையைத் தட்டாத குறையாக மவுஸைப் பிடுங்கினார்:

"சாமியைப் போய் எப்படி தங்கச்சி டிலீட் பண்றது? அந்தந்தக் கல்யாணப் பொண்ணு நல்லா வாழ வேணாமா?"

கரைத்தோம்

எனக்கு வந்த ஆத்திரத்தில் சிபியூவைத் தூக்கி ஓட்டோவிலேயே வைத்திருப்பேன். வவுனியாவில் ஒரு அப்பா காத்திருக்கிறாரே என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். திடீரென்று பொறி தட்டியது.

"அண்ணே, உங்க வீட்டு விசேஷத்துல மஞ்சள்ல பிள்ளையார் பிடிப்பீங்கல்ல? விசேஷம் முடிஞ்சதும் என்ன செய்வீங்க?"

"தண்ணியில கரைப்போம்."

"அதேதான் இது. அந்தக் கல்யாணமெல்லாம் முடிஞ்சிருச்சு, கரைக்கிறோம்."

யோசித்தார். முகம் தெளிந்தது. ஆனால் உடனே திரையின் மூலையில் இருந்த ரிசைக்கிள் பின்னைக் காட்டினார். கரைக்கலாம், குப்பைக்கூடையில் போடக்கூடாது! அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஷிப்டை அமத்திக்கொண்டு டிலீட்டைத் தட்டினால் பின்னுக்குள் போகாமல் நேரே மறைந்துவிடும் என்று விளக்கினேன். அவர் செருப்பை வெளியே கழற்றினார், கையைக் கழுவினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரே ஒவ்வொன்றாகத் தட்டினார். இடம் கூடக் கூட நாங்கள் மூன்று பேரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலக் கத்தினோம். காலையில் ஃபோர்மட் அடிக்கச் சொன்ன நசீர் நானாதான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினார்:

"போடுங்க அடுத்தத, பஸ் போயிரும்!"

வவுனியாவிலிருந்து

முழுப் படத்தையும் எடுத்து எழுதிய சிடி சூடு ஆறுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு செல்வம் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பஸ் நகரத் தொடங்கியிருந்ததாம். ஜன்னல் வழியாக மாமாவின் கையில் திணித்திருக்கிறார்.

வழியெல்லாம் செக்பொயின்ட். சிடி போய்ச் சேருமா என்று எனக்கு மனசே சரியில்லை. இரண்டு நாள் கழித்து செல்வம் அண்ணன் கடைக்குள் வந்தார். பெண்ணின் அப்பா அவருக்குப் போன் பண்ணியிருந்தார். பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தாராம். அவர் சொன்னதைச் செல்வம் அண்ணன் ஒரு வார்த்தை மாறாமல் எங்களிடம் சொன்னார்:

"தம்பி, பிள்ளையார் வந்தது நல்லாத் தெரிஞ்சிச்சு. மகள் வந்து நின்னதும் ஒண்ணுமே தெரியலப்பா, கண்ணெல்லாம் தண்ணி. மறுபடியும் போடச் சொல்லியிருக்கேன்."

இத்தனைக்கும் பிறகு செல்வம் அண்ணன் அடுத்த கல்யாணத்துக்கும் புதிதாக ஒரு பிள்ளையாரை வைத்துத்தான் தொடங்கினார். டிஸ்க் மறுபடியும் நிறையத்தானே போகிறது; நம்மைப் போன்றவர்களுக்குச் சோறு போடுவது இப்படிப்பட்ட மனுஷர்கள்தான்.