லிஃப்ட் மெக்கானிக் செய்த சுருதிப் பெட்டி

"எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது... சார், கொஞ்சம் பொறுங்க, எண்ணிக்கை தப்பிடும்" என்பார், முகம் நிமிராமல்.

எங்கள் கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமையானால் இஸ்திரிப் பெட்டி வேண்டும். சட்டைக்கு அல்ல. செம்பு பூசிய போர்டின் மேல், லேசர் பிரிண்டரில் சர்க்கியூட் படம் அச்சடித்த வழவழப்பான தாளைக் கவிழ்த்து, இருநூறு எண்ணும்வரை அழுத்துவார். சூட்டில் மை செம்புக்குத் தாவும். பிறகு பழுப்புக் கரைசலில் போட்டால் மை இல்லாத செம்பு கரைந்து, கோடுகள் மட்டும் மிஞ்சும். கரைசல் படாத சட்டை அவரிடம் ஒன்றே ஒன்றுதான். அதை மனைவி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் காரணம் அந்த மனைவிதான். பாட்டு டீச்சர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் குரல் இறங்கிவிட்டது. வீட்டிலிருந்த சுருதிப் பெட்டி அவ்வளவு கீழே வரவில்லை. "இனிமே அதுக்கும் எனக்கும் ஒத்துவராது" என்று அதை மூடியவர், பாட வாய் திறக்கவே இல்லை.

"குரல் இறங்கினா பெட்டியை இறக்கிட்டா போச்சு. லிஃப்ட்காரன்கிட்டயா இந்தக் கதை?" என்றார் இவர்.

முதல் போர்டில் படத்தைத் திருப்பி அச்சடிக்க மறந்து, எல்லாம் இடம்வலம் மாறிப்போனது. இரண்டாவதைக் கரைசலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார், கோடுகளும் கரைந்துவிட்டன. "நல்ல பசி போல, மிச்சமே வைக்கல சார்!" மூன்றாவது, துளை போடும்போது இரண்டாகப் பிளந்தது. அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு நான்காவது. தண்ணீரில் ஊறிய தாளைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தபோது ஒரு கோடு மயிரிழை விட்டுப்போயிருந்தது. மார்க்கர் பேனாவால் இழுத்துச் சேர்த்தார். சாயங்காலம் கடைசிப் பற்றவைப்பு முடிந்து சுவிட்சைப் போட்டதும், வால் மிதிபட்ட பூனைபோல் கத்தியது பெட்டி.

"பேசுது சார், பேசுது!" என்று குமிழைத் திருகினார். சத்தம் இறங்கி, இறங்கி, ரீங்காரமானது.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் இறக்குங்க." அடுக்களையிலிருந்து மனைவி.

இறக்கினார்.

"இன்னும் ஒரு பொட்டு... ம், அங்கயே நிறுத்துங்க."

ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்று, கண்ணை மூடி, "ஸா" பிடித்தார். கரகரத்த, கனத்த குரல், ஆனால் பிசகவில்லை. அடுத்த ஸ்வரத்துக்கும் போனார்.

மெக்கானிக் வியர்வை வழிய வழிய, நுனிக்காலில் எழுந்துபோய், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.