எதிர்ச் சாரியில் ஒரு நிழற்குடை

நான் பிறந்த வீடு வடக்குச் சாரியில். வாக்கப்பட்ட வீடு தெற்குச் சாரியில். நடுவில் ஒரு தார்ச்சாலை, அவ்வளவுதான். அம்மா வீட்டில் மீன் பொரித்தால் என்ன மீன் என்று என் மாமியார் இங்கிருந்தே சொல்லிவிடுவார். ஆனாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் வேறு நாடாளுமன்றத் தொகுதிக்குக் கல்யாணமாகிப் போனவள். நான் சாலையைத் தாண்டி ஆறு வருஷம் கழித்துத்தான் என் ஓட்டு தாண்டி வந்தது.

முன்பு ஊர் முழுக்க ஒரே தொகுதி. பிறகு தொகுதிகளைத் திருத்தி வரைந்தார்கள். வரைந்தவர்கள் ஆற்றங்கரை வயல்வழியாக ஒழுங்காக வாய்க்காலோடு வந்துவிட்டு, எங்கள் ஊருக்குள் மட்டும் கால் வலித்ததோ என்னவோ, தார்ச்சாலையில் ஏறி நடந்துவிட்டார்கள். வடக்குச் சாரி மலைப்பக்கத் தொகுதிக்குப் போயிற்று. தெற்குச் சாரி கடல்பக்கத் தொகுதியிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து ஓட்டு எண்ணும் நாளில் எங்கள் ஊரில் இரண்டு தடவை வெடி போடுவார்கள். தன் பக்கத்து முடிவு தெரிந்ததும் அப்பா சாலையைக் கடந்து வந்து, “ஒங்க நாட்டுல என்னளா விசேஷம்?” என்று கேட்பார்.

சாலையை அகலமாக்கியபோது இரண்டு பக்கத்து மருத மரங்களையும் வெட்டினார்கள். பாளையங்கோட்டைக்குப் போகிற டவுன் பஸ் தெற்குப் பக்கம்தான் நிற்கும். அப்பாவுக்கு முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருநாள் வெயிலில் நின்று நின்று தலைசுற்றி, என் வீட்டு வாசலுக்கு முன்னாலேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்துத் தேற்றினேன். எனக்குப் பயம் போகவில்லை. தெற்கே ஒரு நிழற்குடை வேண்டும் என்று அன்றைக்கு மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அடுத்து வந்த தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளர் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். மகளிர் குழுவில் எல்லாரும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டோடு நின்றோம். பன்னிரண்டாகியும் ஆளைக் காணோம். அந்த நேரம் பார்த்து ஒரு திறந்த வண்டி வந்தது. வந்தவர் வடக்குச் சாரிக்காரர்களின் வேட்பாளர். வண்டியோட்டிக்கு ஊர் புதிது. தட்டுகளைப் பார்த்ததும் தெற்கே திருப்பி நிறுத்திவிட்டார். வேட்பாளர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கரைத்த ஆரத்தி வீணாகப் போகலாமா? எடுத்துச் சுற்றி, பொட்டு வைத்து, ரோட்டில் கொட்டிவிட்டோம்.

அவர் குளிர்ந்துபோனார். “என்ன வேணும்னாலும் கேளுங்க தாயி” என்று மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

“பஸ்ஸுக்கு நிக்க இங்கன நிழல் இல்ல அண்ணாச்சி. எங்கப்பாவுக்கு முழங்கால் சரியில்ல. வெயில்ல நின்னு மயக்கம் வந்து உக்காந்துட்டாவ.” என் குரல் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

“ஜெயிச்சு வந்ததும் மொத வேல அதுதான். ஓட்டு நமக்குத்தான?”

“ஒங்களுக்கு இல்லாம வேற யாருக்கு அண்ணாச்சி?”

பின்னால் நின்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் நிஜ வேட்பாளர் ஒரு மணிக்கு வந்தபோது தட்டில் ஒன்றும் இல்லை. வெறுங்கையால் கும்பிட்டோம். அவர் முகம் சுண்டிவிட்டது.

இரண்டு பேருமே ஜெயித்தார்கள். மலைப்பக்கத்து அண்ணாச்சி சொன்ன சொல் தவறாதவர். நான் எதிர்பார்க்காதது அதுதான். ஆட்கள் டேப்பைக் கொண்டுவந்து என் வாசலுக்கு முன்னால் அளந்தார்கள். அப்புறம் யாரோ தொகுதி வரைபடத்தை விரித்தார்கள். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, டேப்பைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் வடக்குப் பக்கம் நிழற்குடை எழும்பியது. நீல ஓடு, வழவழவென்ற கல்பெஞ்சு, நெற்றியில் ஆள் உயரத்துக்கு அண்ணாச்சி பெயர். அந்தப் பக்கம் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் இறங்குவார்கள். இறங்கியவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆடுகள்தான் உட்கார்ந்தன.

மனு எழுதிக்கொண்டு எங்கள் எம்.பி. அலுவலகத்துக்குப் போனோம். உதவியாளர் படித்துப் பார்த்தார். “ஒங்க ஊருக்கு இப்பத்தான ஒண்ணு கட்டியிருக்கு? ஆரத்தி எடுத்தவங்ககிட்டயே போய்க் கேளுங்க” என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் குழுவில் எல்லாரும் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அப்பா நிழற்குடையில் உட்கார்ந்து பார்த்தார். எதிரே பஸ் வந்ததும் கம்பை ஊன்றிச் சாலையைக் கடப்பதற்குள் லாரி குறுக்கே வரும், பஸ் போய்விடும். இரண்டு தடவை அப்படி ஆயிற்று. என் வாய்க்கொழுப்பால் அவருக்கு நிழலும் இல்லை, பஸ்ஸும் இல்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

போன மாதம் அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். நிழலில் சாவகாசமாக உட்கார்ந்திருந்து, கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர், “பெரியவரே, ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல நிக்கணும்” என்றாராம்.

“தெரியும்வே. நீரு எப்படியும் திரும்பித்தான போவணும்?”

நாலு நிறுத்தம் தள்ளிக் கடைசி நிறுத்தம். அங்கே வண்டி காலியாகும். ஜன்னலோரம் பிடித்து, பக்கத்து இருக்கையில் எனக்காகத் துண்டைப் போட்டுவைத்து, இரண்டு டிக்கெட் எடுத்த ஆளின் மிடுக்கோடு திரும்பி வருவார். நான் சோற்றை வடித்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டோடு தெற்குப் பக்கம் வெயிலில் நின்று ஏறிக்கொள்வேன். தன்னோடு நிழலில் வந்து உட்காரச் சொல்வார். எனக்கு மனசு வராது.

நேற்று ஏறியதும் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு அந்த அண்ணாச்சிகிட்ட உண்மையச் சொல்லி அனுப்பிட்டு, ஆரத்திய வச்சிருந்து நம்ம ஆளுகிட்ட கேட்டிருந்தா தெக்கயே கட்டியிருப்பாங்கப்பா. எல்லாம் என்னாலதான்.”

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “நானுந்தான் எதுத்தாப்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு கைய ஆட்டியிருந்தா வண்டி எங்க பக்கம் திரும்பியிருக்கும்.”

“பெறகு ஏன் ஆட்டல?”

“மைக்குல எனக்காவ கேட்டுக்கிட்டிருந்தல்லா. கேக்க நல்லாருந்துது.”