பீரோவுக்குள் பூட்டிய ரப்பர்க் குழந்தை

இன்று அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்சிங் மாணவி சொன்னாள்: "எங்க காலேஜுல பழகிப் பாக்க புதுப் பொம்ம வந்துருக்குங்க ஆன்ட்டி. ஆனா தொட வுட மாட்டேங்கறாங்க."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில் நான் கிராம நர்ஸ் பயிற்சியில் இருந்தபோதும் ஒரு ரப்பர்க் குழந்தை இருந்தது. மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தைக்கு வாய் வைத்து ஊதிப் பழகுவதற்கு. அதைக் கண்ணாடி பீரோவில் பூட்டியே வைத்திருந்தார்கள். மேலதிகாரி வரும் நாளில் மட்டும் துடைத்து மேசையில் வைப்பார்கள்.

படிப்பு முடிந்து குன்னம் பக்கம் வேலைக்குப் போனேன். இரண்டாவது மாதம் ஒரு பிரசவம். குழந்தை அழவில்லை. புத்தகத்தில் படித்தது வரி வரியாக நினைவிருந்தது. தலையை எவ்வளவு சாய்ப்பது, எவ்வளவு ஊதுவது என்று கைக்கும் வாய்க்கும்தான் தெரியவில்லை.

"ஏன் சத்தமே இல்லீங்க நர்சம்மா?" என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பயிற்சிப் பள்ளிக்குப் போய் பீரோ சாவியைக் கேட்டேன்.

"பொம்ம கிழிஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் ஆசிரியை.

"கொழந்த செத்துப்போச்சு டீச்சர். அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். சாயங்காலம் வரை ஊதிப் பழகினேன்.

இதைச் சொல்லி, நாளைக்கே போய்க் கேள் என்றேன் அந்தப் பெண்ணிடம். "கேட்டா மார்க்கக் கொறைச்சிடுவாங்க ஆன்ட்டி" என்றாள்.

நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். உங்கள் கல்லூரியில் பொம்மையைத் தொட விடுகிறார்களா, இல்லை நோயாளியைத் தொட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களா?