கிரீடம் வேண்டாம் என்ற ராணியும் என் தம்பி மனைவியும்

கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். பாடப் புத்தகத்தில் அரை வரியில் முடிந்துபோகும் ஒரு ராணிக்கு நான் இரண்டு வகுப்பு ஒதுக்குவேன். பிரான்ஸில் பிறந்தவள். பதினைந்து வயதில் இங்கிலாந்து ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கடல் தாண்டி வந்தாள். வந்த இடத்துப் பாஷை தெரியாது. இரண்டு தேசமும் கிறிஸ்தவ தேசம்தான், ஆனால் அவள் போப்பாண்டவரை ஏற்ற சபை, ராஜா ஏற்காத சபை. அந்தக் காலத்தில் இந்த ஒரு வித்தியாசத்துக்காகத் தலைகள் உருண்டிருக்கின்றன.

அடுத்த வருஷம் ராஜாவுக்கு முடிசூட்டு விழா வந்தது. அவளுக்கும் முடிசூட்டத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் சூட்டப்போகிறவர் ராஜாவின் சபையைச் சேர்ந்த குருவானவர். அவர் கையால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊர்வலத்தை ஒரு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். சில மாதங்கள் கழித்து, அவளோடு வந்த தோழிகளையும் பணியாட்களையும் ராஜா மூட்டை கட்டி அனுப்பிவிட்டான். அவர்கள் கிளம்பும்போது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஜன்னல் கண்ணாடியைக் கையாலேயே உடைத்தாளாம். அந்த இடம் வரும்போது என் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடப் போனைக் கீழே வைத்துவிடும்.

முடிக்கும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன். எல்லாம் பதினாறு வயசு வீம்பு, கொஞ்சம் அனுசரித்துப் போயிருந்தால் கிரீடமும் கிடைத்திருக்கும், ஜனங்களின் பிரியமும் கிடைத்திருக்கும். பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டு பரீட்சையில் அப்படியே எழுதுவார்கள். நானும் முழு மதிப்பெண் போடுவேன்.

இப்போது என் தம்பிக்கு வருகிறேன். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். தண்ணீர் உண்டு, சொந்த வீடு உண்டு, முப்பத்தெட்டு வயதுவரை பெண் மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். யானை வந்து மரத்தைத் தள்ளிவிட்டுப் போகும் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட அவர்களுக்கென்ன தலையெழுத்தா? அதில் எனக்குப் பெருமைதான், அவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் பாடம் நடத்தியிருந்தேன். ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் இல்லையா? தரகரிடம் சொல்லி வைத்தோம். அவர் பாலக்காடு ஜில்லா நெம்மாறையில் ஒரு பெண்ணைக் காட்டினார். எங்கள் ஊரில் இன்றைக்கு வீதிக்கு ஒரு பாலக்காட்டு மருமகள் இருக்கிறாள்.

எங்கள் அம்மா காலமான பிறகு சொந்தத்தில் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்கிறவர் பெரியம்மாதான். யார் கேட்டாலும், பொண்ணு பொள்ளாச்சிப் பக்கம், நம்ம ஜனந்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. எல்லோரும் அப்படியே சொன்னோம். கல்யாணமான புதிதில் பெண்ணின் அம்மா மாதாமாதம் பலாப்பழமும் நேந்திரங்காய் வறுவலுமாக பஸ் ஏறி வந்துவிடுவார். அடிக்கடி வந்து போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்று பெரியம்மா அவரிடம் மிகவும் மரியாதையாக, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அவர் வருவது வருஷத்துக்கு ஒருமுறை என்று குறைந்துபோயிற்று. அப்போது நானும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த வறுவலைத் தின்றுகொண்டிருந்தேன்.

தம்பி மனைவி ஆறு மாதத்தில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரி வேலையில் தேய்ந்துபோன என் கொங்குத் தமிழைவிட அவளுடையது இப்போது சுத்தம். தென்னைக்கு நடுவே அவள் ஜாதிக்காய் வைத்தபோது சிரித்தவர்கள் இன்று அவளிடம் நாற்று கேட்டு வருகிறார்கள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை, நங்கை என்று அவள் கூப்பிட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒருநாள் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது அந்த ராணியின் கதையைச் சொன்னேன். வேறு யாரிடம் சொன்னாலும் நகையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். ராணியின் அம்மா எப்பவாவது பார்க்க வந்தாளா என்று இவள் கேட்டாள். வந்தாள், பெரிய பரிவாரத்தோடு வந்தவள் மூன்று வருஷம் கிளம்பவே இல்லை என்றேன். துருவியை விட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பெரியம்மா ஞாபகமும் வந்தது.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் என்றால் மாமனோடு அவன் மனைவிதான் முதல் தட்டை எடுத்து வர வேண்டும். மேளத்தோடு மண்டப வாசலிலிருந்து மேடைவரை அத்தனை சனமும் பார்க்க நடக்கும் நடை அது. பதினொரு வருஷத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு சீரிலும் தம்பி மனைவியைத் தட்டெடுக்க விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி வேறொருத்தியை எடுக்க வைத்துவிடுவார்கள். இந்தத் தடவை என் வீட்டுக் கல்யாணம், இவள்தான் எடுப்பாள் என்று பெரியம்மாவிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன்.

பெரியம்மா கடைசியில் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. எங்கள் உறவில் அழைப்பிதழில் பெண்களுக்குப் பிறந்த ஊரையும் சேர்த்துப் போடுவோம், சீர் வரும்போது அதை மைக்கிலும் வாசிப்போம். “பொள்ளாச்சின்னு போட்டுப்போடு கண்ணு. அவ தட்டெடுக்கட்டும், நா ஒண்ணும் சொல்லலை,” என்றார். எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. அச்சகத்துக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். ப்ரூஃப் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூருக்கு ஓடினேன்.

அவள் நின்றபடியே வாசித்தாள். தன் பெயருக்குக் கீழே விரலை வைத்து இரண்டு முறை வாசித்தாள். அப்புறம் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“எனக்குத் தட்டு வேண்டாங்க நங்கை.”

ஏன் என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்ததை மறைக்கவில்லை. எவ்வளவு சண்டை போட்டு வாங்கி வந்தது!

“பொள்ளாச்சிப் பக்கம்னு நீங்கெல்லாம் வாயில சொன்னப்ப நா பேசாம இருந்துபோட்டனுங்க. இது அச்சுல வருதுங்க. எங்கம்மா இருக்கற ஊரை இல்லைன்னு எழுதிப்போட்டு, அதுக்குக் கீழ நா தட்டெடுத்துட்டு நடக்க மாட்டனுங்க. நீங்க கோவிச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு வந்து எல்லா வேலையும் செய்யறனுங்க.”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினேன். வழியெல்லாம் ‘வீம்பு, வீம்பு’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் முதல் பாடவேளையில் அந்த ராணியின் இரண்டாம் வகுப்பு. ஜன்னல் கண்ணாடியை உடைத்தாயிற்று. வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். ‘பதினாறு வயசு வீம்பு’ என்று தொடங்கிவிட்டு நின்றுவிட்டேன். கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை ஒப்புக்கொண்டால் சூட்டுகிறேன் என்று நின்ற குருவானவர் யார்? நான்தான். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பது எனக்கென்றே சொல்லிவைத்தது போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக அவளை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷம் நான் இந்த ராணியைத் தப்பாக நடத்தியிருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பழைய நோட்ஸை என்ன செய்வது என்று ஒருத்தி கவலையாகக் கேட்டாள். அந்த வாக்கியத்தை அடித்துவிடச் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் அச்சகத்துக்குப் போன் போட்டு, பொள்ளாச்சியை எடுத்துவிட்டு நெம்மாறை என்று போடச் சொன்னேன். முதல் அழைப்பிதழை அவளுடைய அம்மாவுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். ஆனால் அன்று விடியும் முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தம்பி மனைவி தட்டெடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். சேலையும் தேங்காயும் பழமும் ஏற்றிய தட்டு நல்ல கனம். மண்டப வாசலில் தம்பியோடு நின்றாள். பெரியம்மாவின் மகன்தான் மைக்கில் வாசித்தான். அவன் கையில் இருந்தது பழைய ப்ரூஃப். தெரியாமல் எடுத்தானா, தெரிந்தே கொடுத்தார்களா என்று நான் இதுவரை கேட்கவில்லை. மாமன் பெயர், ஊர், அவள் பெயர் எல்லாம் சரியாக வந்தது. அடுத்து ‘பொள்ளாச்சி’ என்றான்.

மேளம் தொடங்கிவிட்டது. அவள் நடக்கவில்லை. தம்பி ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பின்னால் வந்து அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டான். அவள் முகத்தில் கோபம் இல்லை. தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி இருந்தாள். மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அடிப்பதை நிறுத்தினார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று சம்பந்தி வீட்டார் பக்கம் சலசலப்பு எழுந்தது. பெரியம்மா மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மேடையில் என் மகள் மாலையோடு என் முழங்கையை இடித்தாள். “போம்மா,” என்றாள்.

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். மைக்கை வாங்கினேன். இருபத்தாறு வருஷமாகக் கடைசி பெஞ்சுவரை எட்டிய குரலிலேயே சொன்னேன்.

“தப்பா வாசிச்சுட்டாங்க. மாமன் ஊரு தொண்டாமுத்தூருங்க. சீர் கொண்டு வர்ற என்ற தம்பி சம்சாரத்துக்குப் பொறந்த ஊரு நெம்மாறைங்க, பாலக்காட்டு ஜில்லா.”

அதற்கப்புறம்தான் அவள் காலெடுத்து வைத்தாள்.